பதினான்காம் கதவின் பச்சை அட்டை

டைமக்காவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்த முதியோர் இல்லக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எண்பது தாண்டியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா என்பது அங்கே ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது.

முப்பத்தோரு வருடம் ஒரு பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர். வாசல் ஓரமாக ஒரு தகரக் கூண்டு, ஒரு ஸ்டூல், ஒரு விசில், ஒரு சுவர்க்கடிகாரம். வண்டி வெளியே போகும்போது மணியைப் பார்த்து டிரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டுநர் பிந்தி வந்தால் அவருக்கு மெமோ கிடைக்கும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், சைக்கிள் பஞ்சர், வீட்டில் சண்டை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. டைமக்காவுக்கு எல்லாக் காரணமும் நியாயமாகவே பட்டது. ஆகவே ஆறு பத்துக்குப் போன வண்டியும் அவர் எழுத்தில் ஆறு மணிக்கே போனது. அவர் இருந்தவரை அந்தப் பணிமனையில் ஒருவர்கூடத் தாமதத்துக்கு மெமோ வாங்கவில்லை. நிறுத்தத்தில் கால்கடுக்க நின்றவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

கணவர் இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாததால், டைமக்கா தானே விசாரித்துத் தானே படிவம் வாங்கி இந்தக் கட்டடத்துக்கு வந்தார். காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது தம்பி. தம்பிக்கு எழுபது வயது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, எடுத்த எடுப்பிலேயே “விழுந்தியா?” என்று கேட்பார். “இன்னும் இல்ல. நீ?” என்பார் அக்கா. தம்பி பேச்சை மாற்றிவிடுவார். அவர் போன வருடம் இரண்டு முறை விழுந்தது தம்பி மனைவி மூலம் அக்காவுக்கு எப்போதோ தெரியும்.

கட்டடத்துக்கு இரண்டு பக்கங்கள். இந்தப் பக்கம் தனியாகச் சமாளிக்கக் கூடியவர்களுக்கு. ஒரு அறை, ஒரு சின்ன சமையல் மேடை, ஒரு கெட்டில், சட்டைப்பையில் சொந்தச் சாவி. அந்தப் பக்கம் கவனிப்புத் தேவைப்படுகிறவர்களுக்கு. கம்பி வைத்த கட்டில், குளிப்பாட்ட ஆள், மணி அடித்தால் சாப்பாடு. அங்கே யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். ஆனால் அங்கே சாவி கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டியவர் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. “அவர் அந்தப் பக்கம் போயாச்சு” என்று சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உண்மையில் அவர் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பக்கத்தில் இருக்க ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஒவ்வொரு கதவிலும் ஒரு அட்டை தொங்கும். ஒரு புறம் சிவப்பு, மறுபுறம் பச்சை. படுக்கப் போகும்போது சிவப்பாக வைக்க வேண்டும். காலை ஏழரைக்குள் எழுந்து பச்சையாகத் திருப்ப வேண்டும். பச்சை என்றால், நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஏழரைக்கு வார்டன் மேடம் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி வருவார். சிவப்பாக இருந்தால் தட்டுவார். பதில் வராவிட்டால் பொதுச் சாவியால் திறப்பார். பதில் வந்தாலும் விடமாட்டார், அட்டையை மறந்ததற்கு நோட்டில் ஒரு குறி. ஒரே மாதத்தில் மூன்று குறி விழுந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும், டாக்டர் வருவார், மறு மதிப்பீடு நடக்கும். மறு மதிப்பீடு முடிந்தால் பெரும்பாலும் கண்ணாடிக் கதவுதான்.

கடைசி இரண்டு வரிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

முதலில் மாட்டியவர் கணக்கு டீச்சர். நாற்பது வருடம் ஐந்து மணிக்கு எழுந்து பள்ளிக்கு ஓடியவர், ஓய்வு பெற்ற அன்று இனி ஒன்பதுக்கு முன்னால் கண் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அந்த முடிவுக்கு இரண்டு வாரத்தில் இரண்டு குறி. டைமக்கா எப்படியும் ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். போகிற வழியில் டீச்சரின் அட்டையையும் திருப்பிவிட்டால் என்ன குறைந்துவிடும்? திருப்பினார். அடுத்தது பத்தொன்பதாம் எண்ணில் இருந்த கணவன் மனைவி. அட்டையைத் திருப்புவது யார் வேலை என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு பல மாதமாக நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பதினான்காம் எண் தையல்காரர். எழுபத்தொன்பது வயது. தலையில் எல்லாம் தெளிவு, முழங்கால்தான் எதிரி. கட்டிலிலிருந்து கதவு வரை வர இருபது நிமிடம் பிடிக்கும். வந்து பார்க்கும்போது அட்டை பச்சையாக இருக்கும், வார்டன்தான் இரக்கப்பட்டுத் திருப்புகிறார் என்று நினைத்து அதை வெளியே சொல்லாமல் இருந்தார். ஒரு வருடத்துக்குள் அந்த மாடியின் பன்னிரண்டு கதவுகளில் ஏழின் அட்டைகளை டைமக்காதான் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடையது சேர்க்காமல்.

காலை ஆறே முக்காலுக்குக் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, பூனை மாதிரி நடை கட்டுவார். அவருக்கும் ஒரு கொள்கை இருந்தது. உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால்தான் அட்டையைத் தொடுவார். இருமல், தண்ணீர் விழும் சத்தம், டீச்சர் அறையில் குறட்டை. உயிர் இருப்பதற்குக் குறட்டையை விட நல்ல சாட்சி உண்டா என்று டீச்சரிடமே ஒருமுறை கேட்டார். டீச்சர் தான் குறட்டை விடுவதே இல்லை என்று மூன்று நாள் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினான்காம் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தையல்காரர் எழுந்துவிட்டார் என்று டைமக்கா அட்டையைத் திருப்பிவிட்டு நடந்தார். ஏழரைக்கு வார்டன் வந்தார், பச்சையைப் பார்த்தார், தாண்டிப் போனார்.

பத்தே முக்காலுக்கு விரிப்புத் துணி எடுக்க வந்த பெண் கதவைத் திறந்தபோது தையல்காரர் குளியலறை வாசலில் தரையில் கிடந்தார். ஐந்தரைக்கு ரேடியோவைப் போட்டிருக்கிறார், ஆறு மணிக்குக் குளியலறைக்குக் கிளம்பியிருக்கிறார், வாசல் மிதியடி வழுக்கிவிட்டிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர் குரலை விட ரேடியோவின் குரல் பெரியது. நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது, நெற்றியில் ஒரு புடைப்பு, உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு, ஞாயிறன்று கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் ஒரு கட்டிலில் விட்டார்கள்.

தாற்காலிகம்தான் என்றார்கள். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் முளைத்திருந்தது. தையல்காரர், ஆறு மணிக்கே விழுந்தேன், கதவுப் பக்கமே போகவில்லை என்று சொன்னார். வார்டனின் நோட்டிலோ ஏழரைக்குப் பச்சை என்று இருந்தது. வார்டன் நோட்டை நம்பினார். ஆக, மனிதர் எழுந்து, கதவைத் திறந்து, அட்டையைத் திருப்பி, பிறகு விழுந்திருக்கிறார். திருப்பியது சுத்தமாக நினைவில்லை. விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நினைவு தப்புகிற ஆளைத் தனியாக விட முடியாதே. புதன்கிழமை மறு மதிப்பீடு என்று முடிவாகி, தையல்காரரின் மகளுக்கும் சொல்லியாகிவிட்டது.

இதைக் கேட்டதிலிருந்து டைமக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள்கிழமை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தையல்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் திரையின் ஓரத் தையல் கோணலாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். உடம்பு எப்படி என்று கேட்டதற்கு உடம்பைப் பற்றிச் சொல்லாமல் அட்டையைப் பற்றிச் சொன்னார்.

“எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு டைமக்கா. எல்லாரும் திருப்பினீங்க, திருப்பினீங்கன்னு சொல்றாங்களா, நேத்து ராத்திரியிலருந்து கை அட்டையைப் பிடிச்ச மாதிரி ஒரு ஞாபகம் வருது.”

டைமக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அது உங்க கை இல்லண்ணே. என் கை.”

எல்லாவற்றையும் சொன்னார். ஏழு கதவுகள், ஒரு வருடம், காலுறை, ரேடியோ எல்லாம். முடிந்த பிறகு தையல்காரர் திரையின் கோணல் ஓரத்தை இழுத்து நேராக்கிப் பார்த்தார்.

“நாலே முக்கால் மணி நேரம்” என்றார். “நெல்லுல பூச்சி விழுந்தா என்ன பண்ணணும், மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும், ரேடியோவுல எல்லாம் கேட்டேன். என்கிட்ட நெல்லும் இல்ல, மாடும் இல்ல.”

டைமக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னார்.

“அதை அப்புறம் பாத்துக்கலாம். என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான்தான் ஞாபகம் கெட்டவனாச்சே, நான் சொன்னா எவன் நம்புவான்? புதன்கிழமை நீங்க வந்து சொல்லுங்க.”

சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பதும் டைமக்காவுக்கு நன்றாகத் தெரியும். விதியை மீறியவர், ஒரு மனிதரைத் தரையில் கிடக்க விட்டவர், அப்புறம் அவருக்கும் ஒரு மறு மதிப்பீடு. கையில் இருக்கும் சாவி போய்விடும். தம்பிக்குப் போன் போட்டார். தம்பி மூச்சு விடாமல் பேசினார்.

“அக்கா, வாயைத் திறக்காத. அவரைப் பாத்துக்க அவர் பொண்ணு இருக்கா. உனக்கு நான் ஒருத்தன்தான். எனக்கே மாடிப்படி ஏற ஆள் வேணும்.”

கணக்கு டீச்சர் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். உண்மையைத் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் பதினான்காம் எண்ணைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், மற்ற ஆறு கதவுக்காரர்களின் பெயர் வெளியே வரக் கூடாது என்றார். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார். யார் தலையில் என்று கேட்டால், டைமக்காவின் தலையில்.

புதன்கிழமை அலுவலக அறையில் டாக்டர், வார்டன், தையல்காரர், அவர் மகள். டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தையல்காரர் கழித்துக்கொண்டே போய் டாக்டரை முந்திவிட்டார். எல்லாம் சரிதான், அந்த அட்டைதான் உதைக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது டைமக்கா கதவைத் தட்டி உள்ளே வந்தார். நின்றபடியே சொல்லி முடித்தார்.

யாரும் நம்பவில்லை.

நம்பாதது மட்டும் இல்லை, நெகிழ்ந்தும் போனார்கள். தையல்காரரின் மகள் எழுந்து வந்து டைமக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பாவுக்காக நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களே ஆன்ட்டி” என்றார். வார்டன், டைமக்காவின் நல்ல மனசு எல்லோருக்கும் தெரியும், நண்பரை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று டாக்டரிடம் விளக்கினார். டாக்டர் தலையாட்டினார். தையல்காரர் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்பது போலப் பார்த்தார்.

டைமக்காவின் வாழ்க்கையில் அவர் எழுதிய பொய்யை எல்லாம் ஊர் நம்பியிருக்கிறது. முதல் முறையாக உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள். மற்ற ஆறு கதவுகளையும் சொன்னால் நம்புவார்கள். ஆனால் டீச்சருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வார்டன் பக்கம் திரும்பினார்.

“மேடம், நாளைக்குக் காலையில நான் என் ரூமை விட்டு வெளிய வரல. டாக்டரும் நீங்களும் சேர்ந்து ஏழரைக்கு ஒரு சுத்து வாங்க. வேற எதுவும் நான் சொல்லல.”

அன்று மாலை டீச்சர், நம்ம பெயரை ஒன்றும் சொல்லவில்லையே என்று மூன்று முறை கேட்டார். யார் பெயரையும் சொல்லவில்லை என்று டைமக்கா மூன்று முறையும் உண்மையையே சொன்னார். சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் டீச்சர் தப்பிப்பார், தையல்காரர் மாட்டிக்கொள்வார். வெந்நீர் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கு அவர் கால்கள் தாமாகவே தரையைத் தேடின. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏழு மணி. ஏழேகால். ஏழரைக்குத் தாழ்வாரத்தில் வார்டனின் செருப்புச் சத்தமும் டாக்டரின் ஷூ சத்தமும் கேட்டன. சில அடிகள். நின்றன. தட்டும் சத்தம். மறுபடி சில அடிகள். நின்றன. தட்டும் சத்தம்.

தையல்காரரின் அறை காலியாக இருந்ததால் கணக்கில் வராது. மிச்சம் ஆறு கதவுகளும் ரத்தச் சிவப்பு. பத்தொன்பதாம் எண்ணுக்குள்ளிருந்து “ஏங்க, நீங்க திருப்பலையா?” “அது உன் வேலைதானே?” என்று பழைய வழக்கு டாக்டரின் முன்னிலையில் புதிதாக விசாரணைக்கு வந்தது. கணக்கு டீச்சர் கலைந்த தலையோடு கதவைத் திறந்து, வார்டனைப் பார்த்து, “மணி ஒன்பதாயிடுச்சா? டைமக்கா எங்க?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கண் முழுதாகத் திறந்தது.

வார்டன் டைமக்காவின் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லும் முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வருஷமா நான் பன்னெண்டு ரூம்ல இருக்கறவங்களைப் பாத்துக்கறதா நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க ஒருத்தரைத்தான் பாத்திருக்கேனாக்கா?”

குரலில் கோபத்தை விடப் பயம்தான் இருந்தது. மற்ற ஆறு அறைகளிலும் யாராவது விழுந்து கிடந்திருந்தால் என்று அவர் கேட்கவில்லை. இருவருக்கும் அது கேட்டது. டைமக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் வாசலில் நின்றபடி இன்னொரு கணக்குச் சொன்னார். விதிப்படி பார்த்தால் இந்த ஆறு கதவுக்கும் இன்று குறி, இந்த வேகத்தில் மூன்று நாளில் பாதி மாடி அந்தப் பக்கம் போக வேண்டும், அங்கே காலியாக இருப்பது ஒரே ஒரு கட்டில். குறிக்குப் பயந்துதான் இவர்கள் பொய் அட்டை தொங்கவிட்டார்கள் என்றால், குறி எதற்கு? வார்டன் வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பச்சை, பச்சை, பச்சை. கடைசியில் மூடி வைத்தார். அன்றிலிருந்து குறி கிடையாது. சிவப்பு என்றால் தட்டுவார்கள், குரல் கேட்கும் வரை நிற்பார்கள், அவ்வளவுதான். ஒன்பது வரை தூங்குகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். டீச்சர் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தார். ஆனாலும் ஒரு வாரம் டைமக்காவோடு பேசவில்லை. இந்த முறை டைமக்கா அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார்.

டைமக்காவின் மறு மதிப்பீடு மட்டும் தப்பவில்லை. அடுத்த திங்கள்கிழமை காப்பாளர் என்ற முறையில் தம்பி வந்தார். வாசல் படி ஏறி, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். அந்தப் பக்கத்து ஊழியர் ஒருவர் இவர்தான் மதிப்பீட்டுக்கு வந்தவர் என்று நினைத்து, சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து அலுங்காமல் உட்கார வைத்துவிட்டார். தம்பிக்கு வேண்டாம் என்று சொல்ல மூச்சு இல்லை. டைமக்காதான் அவரைத் தள்ளிக்கொண்டு அலுவலக அறைக்குள் போனார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டைமக்காவிடம் பத்துக் கேள்வி கேட்டார், நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னார். சாவி அவரிடமே இருக்கலாம் என்று எழுதினார். ஒரு நிபந்தனை. தன் கதவைத் தவிர வேறு எந்தக் கதவின் அட்டையையும் தொடக் கூடாது. டைமக்கா கையெழுத்துப் போட்டார். போகிறபோது டாக்டர் தம்பியிடம், இரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று விசாரித்தார்.

அன்று மாலை தையல்காரர் கண்ணாடிக் கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். அந்த வழியாகத் திரும்பி வந்த முதல் ஆள் அவர்தான், ஆகவே எல்லோரும் தாழ்வாரத்தில் கூடிவிட்டார்கள். டைமக்கா பையை வாங்கக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஏழரைக்குப் பதினான்காம் கதவு சிவப்பாகவே இருந்தது. வார்டன் தட்டினார். “வந்துக்கிட்டிருக்கேன்” என்று உள்ளிருந்து குரல். வார்டன் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். டைமக்கா தன் அறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். உள்ளே ஊன்றுகோல் ஒருமுறை தட்டும், பிறகு நீண்ட அமைதி, பிறகு இன்னொருமுறை தட்டும். ஒவ்வொரு அமைதியிலும் டைமக்காவின் உயிர் போய்ப் போய் வந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் தாழ்ப்பாள் அசைந்தது. தையல்காரர் வெளியே வந்து, கட்டுப்போடாத கையால் அட்டையைத் திருப்பி, அது நேராகத் தொங்குகிறதா என்று ஓரத்தை ஒட்டிப் பார்த்தார். வார்டன் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

தையல்காரர் நேராக டைமக்காவின் கதவைப் பார்த்தார். ஒரு விரல் இடைவெளியைப் பார்த்தார்.

“அவ்வளவு நேரமும் நின்னு பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

“பாத்தேண்ணே” என்றார் டைமக்கா. “தொடல.”

தையல்காரர் ஊன்றுகோலை அவர் கதவுப் பக்கம் ஊன்றினார். பிறகு, உங்கள் கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டார்.